பழைய பேஸ் கிட்டார்: மீட்டமைப்பதா, மாற்றியமைப்பதா

இசைக்குழுவில் தாளத்துக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று கீழ்ச்சுரங்களைத் தாங்கும் நான்கு தந்தி மின்கருவியான பேஸ் கிட்டார், 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் தொழிற்கூடம் பிரிசிஷன் பேஸ் என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே உலகெங்கும் பரவியது. வீணையோடும் தம்புராவோடும் ஒப்பிட்டால் இக்கருவியின் வரலாறு முழுவதுமே ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் அந்தக் குறுகிய காலத்துக்குள் மரம், பூச்சு, காந்தம், கம்பிச்சுருள் ஆகிய எல்லாவற்றிலும் செய்முறைகள் பலமுறை மாறிவிட்டமையால், ஒரு பழைய பேஸ் கிட்டாரைத் திறந்து பார்ப்பவர் அது செய்யப்பட்ட ஆண்டின் தொழில்நுட்பத்தையே கையில் எடுத்துப் பார்க்கிறார் எனலாம். இந்த அத்தியாயத்தில் பழைய கருவி என்பது 1980களின் நடுப்பகுதிக்கு முன் செய்யப்பட்டதைக் குறிக்கும்.

புனே நகரத்தில் இத்தகைய கருவிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1991ஆம் ஆண்டின் தாராளமயமாக்கலுக்கு முன் இசைக்கருவி இறக்குமதிக்கு உரிமமும் உயர்ந்த சுங்கவரியும் தடையாக இருந்தமையால், அக்காலத்து அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானியக் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் கைச்சுமையாகவே நாட்டுக்குள் வந்தன. அவை வாங்க முடியாதவர்களுக்குக் கொல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கருவிகளே துணையாயின. ஆகவே கேம்ப் பகுதியின் ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்தோ, புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மங்கள்வார் பேட்டையில் கூடும் ஜூனா பஜார் என்னும் பழம்பொருள் சந்தையிலிருந்தோ ஒரு பேஸ் கிட்டார் கைக்கு வருமானால், அது பல கைகள் மாறி, கிடைத்ததைக் கொண்டு பலமுறை ஒட்டுப்போடப்பட்ட கருவியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மேலைநாட்டு வழிகாட்டிகள் எதிர்பார்க்கும் தொடப்படாத கருவி என்ற நிலையிலிருந்து இங்கே முடிவெடுக்கும் பணி தொடங்குவதில்லை.

மூன்று சொற்களை முதலில் பிரித்தறிய வேண்டும். செப்பனிடுதல் என்பது தேய்ந்ததைப் புதுப்பித்துக் கருவியை இசைக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது. மீட்டமைத்தல் என்பது கருவி தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலையை நோக்கி அதைத் திரும்ப அழைத்துச் செல்வது. மாற்றியமைத்தல் என்பது அதற்கு என்றும் இருந்திராத ஒரு தன்மையைத் தருவது. இவற்றுள் முதலாவதைப் பற்றித் தயங்க வேண்டியதே இல்லை. வீணையில் 24 மெட்டுகளையும் தாங்கும் மெழுகு காலப்போக்கில் இளகியும் சிதைந்தும் போவதால், சில ஆண்டுகளுக்கொரு முறை அதைக் களைந்து புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுவது தமிழ்நாட்டில் வழக்கம். அதனால் வீணையின் பழமை குறைந்ததென்று எவரும் சொல்வதில்லை. புனேக்குத் தெற்கே சாங்கலி மாவட்டத்தில், 2024இல் புவிசார் குறியீடு பெற்ற சிதாருக்கும் தம்புராவுக்கும் பேர்போன மிரஜ் நகரத்துக் கைவினைஞர்கள், தந்தி உராய்ந்து பள்ளமான குதிரையின் மேற்பரப்பை அரத்தால் தேய்த்து ஜவாரி திருத்துவதும் அவ்வாறானதே. பேஸ் கிட்டாரின் மெட்டுகளும், தந்திகள் தலைப்பக்கம் அமரும் எலும்புப் பட்டையும், தந்திகளும் இவ்வகைத் தேய்பொருள்களே ஆகும். மெட்டு தேய்ந்த கருவியைத் தொடாமல் காப்பாற்றுவதாகச் சொல்லிச் சுவரில் மாட்டிவைப்பவர், காக்க வேண்டியது எது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்.

முடிவெடுக்க வேண்டியது மற்ற இரண்டுக்கும் இடையில்தான். அந்த முடிவைப் புனேயில் எவரும் அவசரப்பட்டு எடுக்கலாகாது என்பதற்கு அந்நகரத்தின் வானிலையே முதற்காரணம்.

மழையும் மரமும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி அமைந்த புனேயில் மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதே ஈரப்பதம் நாட்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். மும்பை போன்ற கடலோர நகரத்தில் மரம் ஆண்டு முழுவதும் ஈரத்துக்குப் பழகிக்கொள்கிறது. புனேயிலோ நான்கே மாதங்களில் அது ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நகரின் சிவாஜிநகர் பகுதியில் சிம்லா ஆபீஸ் என்று மக்கள் இன்றும் அழைக்கும் வானிலைத் துறை அலுவலகம் நாள்தோறும் ஈரப்பத அளவை வெளியிடுவதால், கருவி வைத்திருப்பவருக்கு வேண்டிய தகவல் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. அதனுடன் கருவிப் பெட்டிக்குள் வைக்கத்தக்க சிறிய ஈரமானி ஒன்றும் இருந்தால் போதும்.

மரம் ஈரத்தை வாங்கும்போது நீளவாக்கில் மிகச் சிறிதே மாறுகிறது, அகலவாக்கில் கண்ணுக்குத் தெரியுமளவு விரிகிறது. ஆகவே கோடையில் விரற்பலகை, அதாவது மெட்டுகள் பதிக்கப்பட்ட மெல்லிய மரப்பட்டை, அகலத்தில் சுருங்கும்போது உலோக மெட்டுகளின் முனைகள் இருபுறமும் துருத்திக்கொண்டு இடக்கையைக் கீறும். மழை பிடித்ததும் அவை தாமாகவே உள்ளே அடங்கிவிடும். கழுத்தின் கதை இன்னும் நுட்பமானது. நான்கு தந்திகளும் சுருதி சேர்ந்த நிலையில் ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைக் கழுத்தின்மேல் செலுத்துகின்றன. அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் புதைக்கப்பட்ட, முறுக்கி இறுக்கத்தக்க எஃகுக் கம்பியே ட்ரஸ் ராட் எனப்படுகிறது. பின்புறம் லாக்கர் பூசப்பட்டும் முன்புறம் விரற்பலகை வெறும் மரமாகவும் இருக்கும் கழுத்தில் இருபக்கமும் ஈரத்தைச் சமமாக வாங்காததால், பருவம் மாறும்போது அதன் வளைவு கூடவோ குறையவோ செய்கிறது. எந்தத் திசையில் என்பது ஒவ்வொரு கழுத்தின் மரவெட்டையும் பொறுத்தது.

இதன் விளைவாக, மே மாதத்தில் மெட்டுகள் கரகரக்கும் ஒரு கருவி ஆகஸ்டில் ஒழுங்காக ஒலிப்பதும், ஜனவரியில் செம்மையாக இருந்த ஒன்று ஜூலையில் தந்தி உயர்ந்து விரல் வலிக்கச் செய்வதும் புனேயில் இயல்பு. கோடையில் ஒரு கருவியை வாங்கி, அந்த மாத நிலையை அதன் நிரந்தரக் குறையாகக் கருதி, கழுத்தை மாற்றவோ விரற்பலகையைச் சீவவோ முடிவெடுப்பவர் பருவத்துக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையை மரத்துக்குச் செய்துவிடுகிறார். சீவிய மரம் மழை வந்ததும் மீண்டும் வளராது.

எனவே புதிதாகக் கைக்கு வந்த பழைய கருவியை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கவிட்டு அளந்து பார்ப்பதே இவ்வழிகாட்டி வற்புறுத்தும் முதல் நடைமுறை. அளக்கும் முறை எளிது. மிகத் தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் அந்தத் தந்தியே நேர்கோலாகிவிடும். அப்போது ஏழாவது அல்லது எட்டாவது மெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையில் தெரியும் இடைவெளியே கழுத்தின் வளைவு. அது 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. ஒரு முகவரி அட்டையின் தடிமன் ஏறத்தாழ அவ்வளவே என்பதால் தனிக் கருவி தேவைப்படாது. இந்த அளவை மாதம் ஒருமுறை, அன்றைய ஈரப்பதத்தோடு ஒரு நோட்டில் குறித்துவந்தால், ஓராண்டு முடிவில் எது பருவத்தின் ஆட்டம், எது மரத்தின் நோய் என்பது தெளிவாகிவிடும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாமல் இந்த ஓராண்டில் சரிசெய்துகொள்ளலாம். முறுக்காணி முழுவதும் இறுகியிருந்தும் கழுத்து முன்னோக்கியே வளைந்து நின்றால், அது தேர்ந்த கைவினைஞரிடம் கொண்டுசெல்ல வேண்டிய குறை. பழைய ஃபெண்டர் மாதிரிகள் பலவற்றில் இந்த முறுக்காணி கழுத்தின் அடிப்பகுதியில் உடலுக்குள் மறைந்திருப்பதால், அதைத் தொடுவதற்குக் கழுத்தையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இரைச்சலைப் பற்றியும் இதே பொறுமை வேண்டும். தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மின்சாரமாக மாற்றும் உறுப்பு பிக்அப் எனப்படும். ஒற்றைச் சுருள் கொண்ட பிக்அப்கள் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் 1957இல் பிரிசிஷன் பேஸுக்கு வந்த இரண்டாகப் பிளந்த பிக்அப்பில் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு ரீங்காரத்தை ஒன்றையொன்று அழித்துவிடும். 1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸிலும் இரு பிக்அப்களையும் சம அளவில் திறந்துவைத்தால் அதுவே நிகழும். இவ்வகைக் கருவி அப்போதும் இரைந்தால், பழியைப் பிக்அப்பின்மேல் போடுவதற்கு முன் வீட்டு மின்கம்பிகளைப் பார்க்க வேண்டும். பழைய பேட்டைகளில் வாடா எனப்படும் முற்றம் வைத்த வீடுகளில் மூன்றாவது துளையில் மண்ணிணைப்பு இல்லாத மின்செருகிகள் இன்றும் உண்டு. அத்தகைய செருகியில் இணைக்கப்பட்ட ஒலிபெருக்கி இரைவது மட்டுமன்றி, தந்தியைத் தொட்டபடி ஒலிவாங்கியில் உதடு படும் பாடகருக்கு மின்னதிர்ச்சியும் தரக்கூடும் என்பதால், இந்தச் சோதனை உயிர்க்காப்பும் ஆகும். நல்ல மண்ணிணைப்புள்ள இடத்தில் இரைச்சல் மறைந்துவிட்டால் பிக்அப்பை மாற்றும் பேச்சே எழாது. மழைக்காலத்தில் ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பும் பெரும்பாலும் ஈரத்தாலும் தூசியாலும் வருவதே. மின்தொடர்பு துடைக்கும் திரவத்தின் சில துளிகள் அதற்குப் போதும்.

கருவியின் பிறப்பை அறிதல்

காத்திருக்கும் அந்த ஓராண்டிலேயே கருவியின் வயதையும் எந்தெந்த உறுப்பு தொடக்கம் முதல் இருப்பது என்பதையும் கண்டறியலாம். நான்கு திருகாணிகளால் கழுத்தைப் பிணைக்கும் உலோகத் தகட்டின் எண்ணை மட்டும் நம்புவது பிழை. அத்தகடு ஒரு கருவியிலிருந்து கழற்றி இன்னொன்றில் எளிதாகப் பொருத்தப்படக்கூடியது. கழுத்தின் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ இடப்பட்ட தேதியும், ஒலியளவையும் தொனியையும் கட்டுப்படுத்தும் பாட் என்னும் மின்தடை உறுப்பின் பின்புறம் பொறித்த எண்ணும் மேலும் நம்பத்தக்கவை. அமெரிக்கக் கருவிகளில் அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரையும், அடுத்தவை ஆண்டையும், கடைசி இரண்டு வாரத்தையும் குறிக்கும்: 1376633 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 என்பது 1966, 33 என்பது அவ்வாண்டின் முப்பத்துமூன்றாம் வாரம். கருவி அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே இதிலிருந்து உறுதிப்படும். தொழிற்கூடங்கள் உறுப்புகளை மாதக்கணக்கில் இருப்பில் வைத்திருந்ததும் உண்டு. கரகரக்கிறது என்பதற்காக அந்தப் பாட்டைப் பிய்த்தெறிபவர் கருவியின் பிறப்புச் சான்றிதழைக் குப்பையில் போடுகிறார்.

பூச்சும் வயதைச் சொல்லும். 1960களின் இறுதி வரை அமெரிக்கக் கருவிகளில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசப்பட்டது. அது மெல்லியது, நாளாக நாளாக மஞ்சளேறுவது, குளிரிலும் வெப்பத்திலும் மயிரிழை வெடிப்புகள் கொள்வது. பின்னர் வந்த பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் தடித்தவை, எளிதில் மாறாதவை. நகப்பூச்சு நீக்கியைத் தடவிச் சோதிக்கும் வழக்கம் எந்த நிலையிலும் கூடாது. ரப்பர் உறை போட்ட தாங்கிகளும் நைட்ரோ பூச்சைக் கரைத்து நிரந்தரத் தழும்பை ஏற்படுத்தும் என்பதால், அவற்றின்மேல் பருத்தித் துணி சுற்றிப் பயன்படுத்த வேண்டும்.

திரும்பி வருவதும் வராததும்

மீட்டமைப்பா மாற்றமா என்ற கேள்வியை ஒரே விடையால் தீர்க்க முயல்வதே பல பிழைகளுக்கு வேர். ஒரு கருவியில் பிக்அப்பை மாற்றியும் பூச்சைத் தொடாமலும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே எடுத்து, அதைப் பின்னாளில் தடயமின்றித் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்பதே சரியான முறை. பழைய குதிரையின் துளைகளிலேயே அமரும் புதுக் குதிரை, பழைய குழியிலேயே பொருந்தும் புதுப் பிக்அப், குழிக்குள் ஒட்டிய செம்புத்தாள் ஆகியவை திரும்பி வருபவை. ஒன்பது வோல்ட் மின்கலத்துக்காக உடலின் பின்புறம் வெட்டும் குழி, பெரிய பிரடைகளுக்காக அகலப்படுத்தும் தலைத் துளைகள், இரண்டாவது பிக்அப்புக்காகக் குடையும் பள்ளம், மரம் தெரியச் சுரண்டி மீண்டும் பூசும் வண்ணம் ஆகியவை திரும்பாதவை. முழுவதும் மறுபூச்சுக் கண்ட பழைய கருவிக்குச் சந்தையில் பாதி விலையே கிடைக்கும் என்பது வாணிகத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. விலையைப் பொருட்படுத்தாதவருக்கும் அந்தக் கணக்கின் உட்பொருள் பொருந்தும், ஏனெனில் தேய்ந்த பூச்சில் முன்னிருந்த கைகள் அனைத்தும் பதிந்திருக்கின்றன.

மாற்றத்தை ஆதரிப்போர் தவறாமல் எடுத்துக்காட்டுவது பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். அதன் மெட்டுகள் நீக்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, உலோகச் சுற்றுத் தந்திகள் விரற்பலகையை அரிக்காமல் இருக்கப் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சி அதன்மேல் பூசப்பட்டது. 1976இல் வெளிவந்த அவரது முதல் தனித்தொகுப்பின் குரல் பேஸ் கிட்டார் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றியது. எதிர்த்தரப்பினர் காட்டுவது மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை: அவர் அதே 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸைத் தொழிற்கூடத்து நிலையிலேயே வைத்து, தந்திகளைக்கூட அரிதாகவே மாற்றி, நூற்றுக்கணக்கான பதிவுகளில் இசைத்தார். இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் கவனிக்கத்தக்கது வேறொன்று. ஜாக்கோவின் கையில் இருந்தபோது அது பத்துப் பன்னிரண்டு வயதான, தேய்ந்த, விலை குறைந்த ஒரு தொழிற்கருவி. அன்று எவரும் அதைப் பழம்பொருளாகக் கருதவில்லை, அதைப் போன்ற கருவிகள் கடைகளில் எளிதாகக் கிடைத்தன. இன்று 1962ஆம் ஆண்டுக் கருவியின்மேல் அரம் வைப்பவர் ஜாக்கோ செய்ததைச் செய்யவில்லை. அவருக்கு நிகரானதைச் செய்ய விரும்புபவர் பத்து வயதான கருவி ஒன்றையே தேட வேண்டும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு முடிவெடுப்பவருக்கு மேலும் பயன்படும். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ஹாஃப்னர் 500/1 மாதிரி, 1964இல் மறுபூச்சுப் பூசப்பட்டு, இரு பிக்அப்களும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டு மாற்றம் கண்டது. 1972இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடுபோன அது, மீண்டும் கிடைத்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அந்த 1964ஆம் ஆண்டு மாற்றங்களே அக்கருவியின் அடையாளமாகவும் நின்றன. அதை 1961ஆம் ஆண்டின் நிலைக்குத் திருப்பினால் அது மீட்டமைப்பாகாது, அழிப்பாகும். இந்தியாவில் கிடைக்கும் ஒட்டுப்போட்ட கருவிகளுக்கும் இதில் பாடம் உண்டு. பித்தளைத் தகட்டை வளைத்துச் செய்த ஒரு குதிரையோ, வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு குமிழோ இறக்குமதி அற்ற காலத்தில் ஒரு கலைஞர் தம் கருவியை எப்படி வாழவைத்தார் என்பதன் சான்று. அதைக் கழற்றுவது தேவையானாலும் படமெடுத்துப் பெயர் எழுதி வைக்க வேண்டும். கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கருவிகளுக்கு விலை மிகக் குறைவாக இருப்பதால் அவையே முதலில் அறுபடுகின்றன. ஆனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தம் ஊர்க் கருவிகளைக் காப்பார்கள், இவற்றைக் காப்பதற்கு இந்தியரைத் தவிர வேறு எவரும் இல்லை.

மரத்தைத் தொடுவதற்கு முன் தந்தியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் போதுமான அளவு வற்புறுத்தப்படுவதில்லை. தட்டைச் சுற்றுத் தந்தி, அதாவது மேற்சுற்று நாடா போல வழவழப்பாக அமைந்தது, கனத்த குறுகிய ஒலி தரும். உருண்டைச் சுற்றுத் தந்தி பளிச்சென்று நீண்டு ஒலிக்கும். 1980களின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்குத் துணையாக மட்டும் நில்லாமல் தனக்கென ஒரு மெட்டை நடத்திச் செல்வதைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காது, அந்தத் தெளிவைத் தேடிப் பிக்அப்பை மாற்ற விரும்பலாம். பல நேரங்களில் புதுத் தந்தியும், ஒலியை அடக்குவதற்காகக் குதிரையருகே தந்திகளின் கீழ் வைக்கப்பட்டு மக்கிப்போன பழைய பஞ்சை அகற்றுவதும் அந்தத் தெளிவைத் தந்துவிடும்.

பிக்அப் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை மல்டிமீட்டர் சொல்லும். பிரிசிஷன் பேஸின் பிக்அப் 10 முதல் 12 கிலோ ஓம் வரையும், ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்அப்பும் 7 அல்லது 8 கிலோ ஓம் அளவிலும் காட்டினால் சுருள் நலமாக உள்ளது. அளவே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. தலைமயிரைப் போன்ற செம்புக் கம்பி ஏறத்தாழ பத்தாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்ட உறுப்பு அது என்பதால், மோட்டார் சுற்றும் கடையில் அதைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லியில் ஈயப்பற்று, செம்புத்தாள், நல்ல செருகி, கெபாசிட்டர் எல்லாம் கிடைக்கும். பிக்அப் சுற்றும் பணி மட்டும் அதையே தொழிலாகக் கொண்டவரிடம் செல்ல வேண்டும். அதுவரை வேறொரு பிக்அப்பைப் பழைய குழியில் பொருத்தி வாசித்துவரலாம், செத்த பிக்அப்பை எறியாத வரையில்.

உலோக உறுப்புகளுக்குப் புனே வளமான ஊர். பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய தொழிற்பகுதிகளின் கடைசல் பட்டறைகளில், காணாமற்போன ஒரு சேணத்தை, அதாவது குதிரையில் தந்தி அமரும் சிறு துண்டை, பித்தளையிலோ எஃகிலோ அச்சு அசலாகச் செய்து வாங்க முடியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அமெரிக்கக் கருவிகளின் திருகாணிகள் அங்குலப் புரி கொண்டவை, இந்தியப் பட்டறைகளில் வழங்குவது மில்லிமீட்டர் புரி. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் திருகாணியை வலிந்து முறுக்கினால் பழைய உறுப்பின் புரி அரைந்துபோகும். மாதிரித் திருகாணியைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். ஜப்பானியக் கருவிகளில் இத்தொல்லை இல்லை.

முன்னவர் ஒருவர் குடைந்துவிட்ட பள்ளத்தை அடைப்பது மீட்டமைப்பில் அடிக்கடி எழும் பணி. கருவியின் உடலுக்குப் பயன்படும் ஆல்டரும் ஆஷும் பவானி பேட்டையின் மரச்சந்தையில் கிடைப்பவை அல்ல என்பதால், எடையிலும் ரேகையிலும் நெருங்கிய, நன்கு உலர்ந்த மரத்துண்டையே தேட வேண்டும். பச்சை மரத்துண்டு முதல் கோடையிலேயே சுருங்கித் தன்னைச் சுற்றி ஒரு கோட்டை வரைந்துவிடும். முகத்தகட்டின் கீழ் மறையும் பள்ளமாயின் அதை அடைக்காமல் விடுவதே மேல்.

விரற்பலகையின் மரம் ஈட்டியாக இருக்கும்போது சட்டமும் குறுக்கிடுகிறது. 1960களின் நடுப்பகுதி வரை பயன்பட்ட பிரேசில் ஈட்டி அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் உள்ளதால், அத்தகைய கருவியை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு விற்க இயலாது. அதன் இடத்துக்கு வந்த இந்திய ஈட்டி, தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் காக்கப்பட்டுவந்த மேற்கு மலைகளின் மரம். 2017இல் அதன் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது ஏற்பட்ட இடர்ப்பாடு, முழுமையுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் அளிக்கப்பட்ட விலக்கால் பெரிதும் நீங்கியது. மலபாரிலோ நீலகிரியிலோ வளர்ந்து, கடல் கடந்து கலிஃபோர்னியாவில் கழுத்தாகி, மீண்டும் இந்த நாட்டுக்குத் திரும்பிய மரமாகவும் ஒரு பழைய விரற்பலகை இருக்கக்கூடும். அதைச் சீவ நினைக்கும் கை சற்று நிதானிக்க இதுவும் ஒரு காரணம்.

வேலைக்குரிய பருவம்

ஓராண்டுக் குறிப்புகளுக்குப் பின், திரும்பாத ஒரு வேலை தேவை என்றே முடிவானால், அதைச் செய்யும் மாதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மழையில் வீங்கிய மரத்திலும் கோடையில் சுருங்கிய மரத்திலும் மெட்டுகளைச் சமன்செய்தால் அந்தச் சமன் மறுபருவத்தில் நிலைக்காது. பருவமழை முற்றும் விலகி, காற்று இரு எல்லைகளுக்கும் நடுவில் தங்கும் அக்டோபர் இறுதியும் நவம்பரும் கழுத்து வேலைக்கும் பூச்சு வேலைக்கும் ஏற்றவை. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே கருவியைப் பட்டறையில் கொண்டுபோய் வைத்து, அங்குள்ள காற்றுக்குப் பழகவிட வேண்டும். ஒப்படைக்கும்போது நோட்டில் உள்ள மாத அளவுகளின் படியொன்றையும் கைவினைஞரிடம் தர வேண்டும். கழற்றப்படும் ஒவ்வொரு திருகாணியும் பாட்டும் பஞ்சுத்துண்டும், எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற சீட்டோடு, சிலிக்கா ஜெல் பை இட்ட டப்பாவில் கருவிப் பெட்டியின் உள்ளறைக்கே திரும்பி வர வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.